புத்தரிச் சோறு

எனக்குச் சிடுசிடுப்பு அதிகம். இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் நான் நர்சாக நடந்து திரிந்த காலத்தில், தூரத்தில் என் தலையைக் கண்டாலே குடிதண்ணீரைக் கொதிக்க வைக்க அடுப்பு மூட்டுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒரே ஒரு நாள் இளகினேன். அதில் ஓர் உயிர் போயிற்று.

டைபாய்டுக்கு இப்போது மாத்திரை இருக்கிறது. அன்று எங்கள் பக்கம் அது வந்து சேரவில்லை. கைவசம் இருந்ததெல்லாம் பணிவிடைதான். ஈரத்துணியால் உடம்பைத் துடைக்க வேண்டும், வாயைச் சுத்தம் செய்ய வேண்டும், புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஆகாரம் பார்லித் தண்ணீரும் மோர்த் தெளிவும் மட்டும். குடலெல்லாம் புண்ணாக இருக்கும். காய்ச்சல் விட்டாலும் அது ஆறியிருக்காது. அந்த வாரம்தான் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும் என்று படிப்பில் சொல்லித் தந்திருந்தார்கள்.

அப்போது டைபாய்டில் கிடந்த அந்தப் பெண்ணுக்கு இருபது வயது. நெல் விவசாயக் குடும்பம். மூன்று வாரமும் அவளைப் பார்த்துக்கொண்டவன் அவள் புருஷன். வயலை ஆளிடம் விட்டுவிட்டு, அவள் மலம் கழித்த சட்டியைத் தன் கையால் எடுத்துச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தான். ஊர் சிரித்தது. அவன் கண்டுகொள்ளவில்லை. அப்படி ஓர் ஆண்பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. அவளுக்குக் காய்ச்சல் இறங்கிய அன்று எனக்கே கண் கலங்கிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து, கன்னிப்பூ என்கிற முதல் போகத்து அறுப்பு முடிந்து புத்தரி உண்ணும் நாள் வந்தது. புது அரிசியைத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துப் பொங்கி வீட்டிலுள்ள அத்தனை பேரும் உண்ண வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் வீட்டுக்கு ஆகாது.

"அவ உண்ணாம நான் எப்பிடி உண்பேன் நர்ஸம்மா? காய்ச்சலும் விட்டாச்சுல்லா?" என்று கேட்டான்.

கூடாது என்றேன். கட்டிலில் கிடந்தவள், "பசிக்கும்மா" என்றாள். மூன்று வாரத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

"ஒரு பருக்கை நாக்குல வையும். அதுக்கு மேல கூடாது" என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

நெல் விளைவிக்கிறவன் கைக்கு ஒரு பருக்கை எடுக்கத் தெரியுமா? பசி என்று சொன்ன பெண்டாட்டியின் வாய்க்கு முன்னால் அந்தக் கை ஒரு பருக்கையோடு நிற்குமா? இதுகூடத் தோன்றாத நான் என்ன நர்ஸ்!

மறுநாள் காலை நான் போனபோது தெருவுக்கே வந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒடம்பு நல்லா தணுத்துட்டு, சூடே இல்ல, பாத்தியளா! நேத்து ஒரு உருண்டை உண்டா. காலம்பற கொஞ்சம் வயித்து வலின்னா. இப்பம் சத்தமில்லாம கெடக்கா."

ஓடினேன். கை கால் ஜில்லிட்டிருந்தது. நாடி நூல் மாதிரி ஓடியது, எண்ண முடியவில்லை. வயிறு பலகையாக விறைத்திருந்தது. சூடு சட்டென்று இறங்கி நாடி ஏறினால் குடல் ஓட்டையாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. காய்ச்சல் போன சந்தோஷத்தில் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

வில்வண்டி கட்டி நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம். மறுநாள் மத்தியானம் இறந்துபோனாள்.

சோறு கொடுக்காவிட்டாலும் அந்த ஓட்டை விழுந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் ஒரு டாக்டர் சொன்னார். கேட்டுக்கொண்டேன். மனசு ஆறவில்லை.

பதினாறு கழிந்ததும் அவன் என்னைத் தேடி வந்தான். மொட்டைத் தலையும் ஒட்டிய கன்னமுமாக ஆளே உருமாறியிருந்தான்.

"நீங்க சரின்னு சொன்னதுனாலதான் அவ புத்தரி உண்டா. பசியோட போகல்ல. அந்த ஒண்ணுதான் எனக்கு ஆறுதலு" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டான்.

அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு நின்றேன்.