எல்லாம் அசல், பிரேக் தவிர

1. முதல் நாள்

நான் முதன்முதலில் கார் ஓட்டியது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த கடைக்குள். நகராத கார். எண்பதுகளின் கடைசி அது. ஐந்தாம் வகுப்போடு நின்று, தா.பழூர்ப் பக்கம் நாற்று நட்டுக்கொண்டிருந்த எனக்கு, வாழ்க்கைப்பட்டு வந்த ஊரில் கிடைத்த உத்தியோகம் வீடியோ கேம் கடையில் கூட்டிப் பெருக்கி டோக்கன் கொடுப்பது.

கடையில் நான்கு மெஷின். மூன்று நின்றுகொண்டு ஆடுவது. நான்காவதுக்குள் கார் மாதிரியே சீட், ஸ்டீயரிங், காலுக்கு இரண்டு பெடல். முதலாளி அதை மட்டும் தன் துண்டாலேயே துடைப்பார்.

"இது டூப்ளிகேட் இல்ல செல்லம்மா. வெளிநாட்டு ரேஸ்காரங்க கையெழுத்துப் போட்டு லைசென்ஸ் குடுத்த கேம். காரு பேரு, ஓட்டுறவன் பேரு, ரோட்டு வளைவு மொதக்கொண்டு எல்லாம் அசல்" என்றார்.

அசல்தான். ரோட்டின் இரண்டு பக்கமும் பச்சைப் பசேல் என்று இருந்தது, ஒரு ஆள் களை எடுக்கவில்லை. ரோட்டில் யாரும் சோளம் காயப்போடவில்லை, ஒரு ஆடு குறுக்கே வரவில்லை. அப்படிப்பட்ட ரோட்டில் ஓட்டுவதற்குத்தான் அந்த நாட்டில் கோப்பை கொடுக்கிறார்கள்.

மெஷினை மாட்டிக் கொடுத்த திருச்சி மெக்கானிக் போகும்போது எனக்கு ஒரு வேலை வைத்தார். "தெனம் கடை தெறந்ததும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துருங்கக்கா."

முதலாளி பத்து மணிக்குத்தான் வருவார். யாரும் பார்க்காத வரை எனக்குக் கூச்சம் கிடையாது. புடவையைச் செருகிக்கொண்டு தினமும் காலையில் ஒரு ரவுண்டு ஓட்டினேன். ஆள் வந்துவிட்டால் கவுண்டருக்குள் போய்விடுவேன். அந்தக் கடையில் வாடிக்கையாளரிடம் நான் பேசியது மொத்தம் இரண்டே சொல். "சில்லறை இல்லீங்க."

2. பிரேக் போனது

இரண்டாவது மாதம் ஒரு காலையில் பிரேக் வேலை செய்யவில்லை. பெடல் கெட்டியாகத்தான் இருந்தது, வேகம் குறையவில்லை. உள்ளே ஏதோ வயர் அறுந்திருக்க வேண்டும். முதலாளியிடம் சொன்னேன்.

"பாத்துக்கலாம். பிரேக் பிடிச்சா ஒரு டோக்கன்ல பத்து நிமிசம் ஓட்டுவான். பிடிக்கலன்னா ஒரே நிமிசம், அடுத்த டோக்கன் வாங்குவான். நீ வெளிய சொன்னீன்னா மறுநாள் வேலைக்கு வர வேணாம்."

எவ்வளவு படித்தவர்! பி.காம்.

நான் பிரேக் இல்லாமலே ஓட்டப் பழகிக்கொண்டேன். வளைவு வருவதற்கு முன்பே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. வந்தவர்கள் எல்லாரும் வளைவில் மோதி, "நமக்குக் கை வரல" என்று தங்களையே நொந்துகொண்டு அடுத்த டோக்கன் வாங்கினார்கள்.

3. டிரைவர் அண்ணன்

சிங்காரம் அண்ணன் அரியலூர் ரூட்டில் ஒரு தனியார் பஸ் ஓட்டினார். இருபது வருஷ சர்வீஸ். கடைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பு வழியில் ஆடு குறுக்கே வந்து, பிரேக் போட்டும் பஸ் பள்ளத்தில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடி இல்லை. "பிரேக்க லேட்டா போட்டுட்டீரு, வயசாச்சு" என்று பஸ் முதலாளி சொன்னது மட்டும் அவருக்குள் இறங்கிவிட்டது.

மத்தியானம் பஸ் நிற்கும் நேரத்தில் கடைக்கு வர ஆரம்பித்தார். தன் காலைச் சோதித்துப் பார்க்க. கண்டக்டர் தங்கராசுவும் கூட வந்து, திரையில் ஓடும் ரேஸ் காரைப் பார்த்துக் கேலி பேசுவான்.

"என்னண்ணே, சக்கரமெல்லாம் வெளிய கெடக்கு, மட்கார்டே காணும்? நம்மூரு சேத்துல எறக்குனா மூஞ்சியத் தேடணும்!"

"சும்மா இருடா."

வளைவு வரும். அண்ணன் பிரேக்கை மிதிப்பார். டமால். தினமும் அதே வளைவு, அதே டமால். என் முதலாளி பின்னால் நின்று, "சார், இது அசல் வண்டி. பஸ் ஓட்டுற காலுக்குப் பிடிபடாது" என்பார்.

ஐந்தாம் நாள் அண்ணன் இறங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அங்க மிதிச்சேன், நிக்கல. இங்கயும் நிக்கல. கால் போச்சுடா தங்கராசு. அம்பது சனத்த வச்சிக்கிட்டு இனிமே எடுக்க மாட்டேன். சாயங்காலம் சாவியக் குடுத்துட்டு, ஷெட்டுல வண்டி கழுவுற வேலையாச்சும் கேக்குறேன்."

தங்கராசுவுக்குக் கூடச் சிரிப்பு வரவில்லை. முதலாளி மட்டும், "இன்னொரு டோக்கன் போடுங்க சார்" என்றார்.

எனக்குப் பேசத் தெரியவில்லை. கவுண்டரை விட்டு வெளியே வந்து, செருப்பைக் கழற்றி, போய் அந்த சீட்டில் உட்கார்ந்தேன். ஒரு டோக்கனைப் போட்டேன். தலை நிமிராமல் ஓட்டினேன். அந்த வளைவு வந்தது, போனது. அடுத்ததும் போனது.

"யக்கோவ்! நீங்க பிரேக்கே போடலயே!" என்றான் தங்கராசு.

"இருந்தாத்தானே போடுறதுக்கு. ஆறு மாசமா இல்ல."

என் வாயா அது என்று எனக்கே சந்தேகம்.

அண்ணன் என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை வளைவு வரை போகவில்லை. நேர் ரோட்டிலேயே பிரேக்கை மிதித்தார். வேகம் காட்டும் நம்பர் அசையவில்லை. மறுபடியும் மிதித்தார். பிறகு மெதுவாக முதலாளி பக்கம் திரும்பினார்.

"பிரேக் இல்லாத வண்டிய நான் ரோட்டுல எடுத்தா என்னைய உள்ள வைப்பாங்க. ஒங்களுக்குக் காசு போடுறாங்க. நல்லா இருக்குங்க சார் ஒங்க லைசென்ஸு."

முதலாளி அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "சாவிய வச்சிட்டுப் போம்மா" என்றார். அசலான மனிதர், சொன்ன சொல் தவறவில்லை.

4. மறுநாள்

வேலை தேடி அரியலூர் போகலாம் என்று ரோட்டோரம் நின்றேன். தூரத்தில் அந்த பஸ் வந்தது. ஸ்டீயரிங்கில் யார் என்று எட்டிப் பார்த்தேன். அதற்குள் பஸ், முன்படி என் காலுக்கு நேராக இருக்கும்படி, பால் சொம்பை இறக்கி வைத்த மாதிரி நின்றது.

சிங்காரம் அண்ணன் தலையை வெளியே நீட்டினார். "பிடிக்குதா தங்கச்சி?"

"பிடிக்குதுங்கண்ணே."

இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எவன் அசல் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும், நேர் ரோட்டிலேயே ஒரு தடவை பிரேக்கை மிதித்துப் பாருங்கள். வளைவுக்குப் போய்ப் பார்க்காதீர்கள். பிரேக் இல்லை என்று தெரிந்தவர்கள், வாயைத் திறக்க என்னைப் போல ஆறு மாதம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு குடும்பத்தின் சோற்றையே காப்பாற்றிக் கொடுத்திருக்கிறோமே, டிக்கெட் கேட்க மாட்டான் என்று நினைத்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். தங்கராசு பையைக் குலுக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"சில்லறையா குடுங்கக்கா."

"சில்லறை இல்லீங்க" என்றேன்.