மணமேல்குடிக்குப் போன குருவிகள்

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் கண்மாய்க்கரைப் பனைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் காய்த்துத் தொங்கின. ஊரெல்லாம் கம்பு விளைந்த காலம் அது. பிறகு கம்பு போய்த் தைலமரம் வந்தது, குருவியும் போய்விட்டது. பல வருஷம் கழித்து மணமேல்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது வயலோரப் பனைகளில் அத்தனை கூடுகள். எங்கள் ஊர்க் குருவிதான் பஸ் ஏறி இங்கே வந்துவிட்டது என்று அன்றே முடிவுகட்டினேன்.

அந்த அறிவை நம்பித்தான் போன ஆடியில் அரை ஏக்கர் கம்பு விதைத்தேன். மனைவி கடலை போடச் சொன்னாள். வருஷம் முழுக்க நம் வீட்டுக் கம்பங்கூழ்தான், கடையில் ஒரு மணி வாங்கமாட்டேன் என்று வீரம் பேசினேன். குருவி வருமே என்று இழுத்தாள். அதெல்லாம் மணமேல்குடியில் குடியேறியாயிற்று என்றேன்.

பயிர் இடுப்பளவு வந்ததும் இலைகள் நார் நாராகக் கிழிந்திருந்தன. ஏதோ புது நோய் என்று முடிவுகட்டினேன். இலையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு, பிரசவக் கேஸ் போல அன்னவாசல் உரக்கடைக்கு வண்டியை விரட்டினேன். கடைக்காரர் இலையைவிட என்னைத்தான் அதிக நேரம் பார்த்தார். மருந்து தரவில்லை, உட்காரவைத்துத் தண்ணீர் தந்தார்.

திரும்பி வந்தால் மனைவி வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மோட்டார் கொட்டகைக்குப் போகும் மின்கம்பியில் பச்சைப்பசேலென்று கூடுகள். என் கம்பு இலை அங்கே வீடாகிக்கொண்டிருந்தது.

"மணமேல்குடிக்காரங்க வந்திருக்காங்க. காப்பி போடவா?" என்றாள்.

கதிர் பால் பிடித்ததும் கூட்டம் இறங்கியது. வயலைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டினேன். தட்டைத் தட்டினேன். ஒரு நாள் பதற்றத்தில் காலிலிருந்த செருப்பை வீசிவிட்டு, அதைத் தேடிக் கதிரை நானே மிதித்தேன். குருவிக்கு அவ்வளவு சேதம் செய்யத் தெரியாது.

அப்புறந்தான் உறைத்தது. அந்தக் காலத்தில் ஊரே ஒரே நேரத்தில் விதைக்கும். குருவி வீட்டுக்கு ஒரு வாய் தின்னும், யாருக்கும் வலிக்காது. இப்போது சுற்றுவட்டாரத்தில் கம்பு என்னிடம் மட்டும். பந்தி முழுவதும் ஒரே வீட்டில்.

மிஞ்சியது தைப்பொங்கல் வரைகூடத் தாங்கவில்லை. கடைக்கம்பு வீட்டுக்கு வந்தபோது மனைவி முதல் கூழை எனக்குத்தான் ஊற்றினாள்.

இந்த ஆடிக்கும் கம்புதான் என்று முடிவு. ஆனால் தனியாக இல்லை. பக்கத்து வயல் மச்சானிடம் போய்க் கூழின் பெருமையை விடாமல் சொல்லி, அவரையும் விதைக்கக் கேட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஒங்க குருவிக்குப் பந்தி பத்தலைன்னு, எங்க வீட்லயும் எலை போடச் சொல்றீகளா மாப்புள்ள?"

ஆமாம் என்று தலையாட்டினேன். ஓரத்தில் நாலு உழவுச் சால் மட்டும் கம்பு போடுகிறேன் என்றார்.