நீல வானத்தில் ஒரு மடிப்பு

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் மூன்று வருடம் படம் எடுத்தேன். அங்கே கேமராவுக்குக் கண்ணாடி அலமாரி உண்டு. பின்னால் தொங்கவிடும் திரைத்துணிகளுக்குப் பரண்தான். வானம் வரைந்த நீலத்துணியைக்கூட முதலாளி பழைய வேட்டிபோல மடித்துத் திணித்து, மேலே உடைந்த லைட் ஸ்டாண்டை வைத்து அமுக்குவார்.

"அண்ணே, பைப்புல சுத்தி வச்சா மடிப்பு விழாது," என்றேன்.

"மடிச்சிருக்கா சுத்தியிருக்கான்னு துணிக்கு இன்னாம்மா தெரியும்?" என்றார். அவ்வளவுதான் அவர் அறிவு.

ஒரு நாள் எண்பது வயதுப் பெரியவரை அவருடைய மகள் அழைத்து வந்தார். வீட்டில் மாட்டப் பெரிய படம் வேண்டுமாம். துணியின் மடிப்பு பெரியவரின் காதோரம் கோடாக விழுந்தது. தண்ணீர் தெளித்து இழுத்துக் கட்டலாம் என்றேன். "எடும்மா, கம்ப்யூட்டர்ல அழிச்சிக்கலாம்," என்றார் முதலாளி. அவரே அழித்தார். மடிப்போடு காதும் போயிற்று.

பிரேம் போட்ட படத்தை மகள் வெகுநேரம் பார்த்தார்.

"நைனாவுக்கு ஒரு காது இன்னாச்சி?"

"அது லைட்டிங்மா," என்றார் முதலாளி.

பெரியவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இருக்குதே," என்றார்.

பிரிண்ட் வந்தபோதே நானும் அதைப் பார்த்தவள்தான். வாயைத் திறக்கவில்லை. அந்த மடத்தனத்தில் என் பயத்துக்கும் பங்குண்டு.

மறுபடி எடுத்துத் தருவதாகச் சொன்ன முதலாளி, மடிப்பை நீக்க வீட்டிலிருந்து இஸ்திரிப் பெட்டி கொண்டுவந்து, பாலியஸ்டர் துணிமேல் முழுச் சூட்டில் வைத்தார். புகை வந்தது. வானத்தில் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு ஓட்டை. "டூப்ளிகேட் துணியை ஏமாத்திக் குடுத்துட்டான்," என்று கடைக்காரனைத் திட்டினார்.

மகள் என்னிடம், "நீங்க வெளியில வச்சி எடுங்கம்மா," என்றார். பின்சந்தில் சுண்ணாம்பு அடித்த சுவர் முன்னால் பெரியவரை உட்காரவைத்து எடுத்தேன். படத்தில் இரண்டு காதும் இருந்தன. அவர் சிரித்தும்விட்டார்.

அடுத்த மாதமே வேலையை விட்டேன். அந்த ஓட்டையை மறைக்க முதலாளி பிளாஸ்டிக் பூச்சாடி வாங்கி உயரமான ஸ்டூல்மேல் வைத்திருக்கிறாராம். ஊரே இப்போது அதன் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறது.