பாகு மாஸ்டர் மாயகிருஷ்ணன் உண்மை பேசிய இருபத்தொரு நாள்

கோவில்பட்டியில் கடலைமிட்டாயைக் கண்டு அலறுகிற பிள்ளை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்தப் பிள்ளைக்குப் பாகு மாஸ்டர் மாயகிருஷ்ணன்தான் தகப்பன். இந்த ஊரில் கடலைமிட்டாய் கண்ணில் படாமல் நடக்கவேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு நடக்கவேண்டும். பஸ் ஸ்டாண்டில் அது, ரயிலடியில் அது, சோப்பு வாங்கப் போன கடையில் சோப்புக்குப் பக்கத்தில் அது. கண்ணை மூடினாலும் மூக்கு சும்மா இருக்குமா?

மாயகிருஷ்ணன் இடைசெவல் பக்கம் ஆடு மேய்த்த குடும்பத்துப் பிள்ளை. பத்து வயதில் ஒரு நாள் ஆட்டைத் தொலைத்துவிட்டு, "வெள்ளையா ஒரு உருவம் வந்து ஆட்டைக் கூட்டிட்டுப் போச்சு" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, அந்த இடத்தில் ஒரு கல்லை நட்டார். அந்தக் கல்லுக்கு இன்றைக்கும் வருஷம் தவறாமல் பொங்கல் வைக்கிறார்கள். இரண்டு பேருக்கு வேண்டுதல் பலித்ததாகவும் கேள்வி.

அப்படிப்பட்ட வாய் அது. பிறகு டவுனுக்கு வந்து வன்னியபெருமாள் முதலாளியின் மிட்டாய் ஷெட்டில் வெல்லப்பாகு காய்ச்சப் பழகினார். பாகிடம் மட்டும் அவர் பொய் சொன்னதில்லை. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, எடுத்து ஒடித்துப் பார்ப்பார். 'டக்'கென்று சத்தம் வந்தால்தான் சட்டியை இறக்குவார். மற்றபடி யாரிடம் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துக்கொண்டுதான் ஊர் கேட்கும்.

தொண்ணூற்று ஏழில் மகள் முத்துசெல்விக்கு ஏழு வயது. காய்ச்சல் வந்தது, முழங்கால் வீங்கியது. அது வற்றியதும் முழங்கை வீங்கியது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். மூட்டு சரியாகிவிடும், இருதயத்தைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், இருபத்தொரு நாளைக்கு ஒரு ஊசி, பதினெட்டு வயது வரைக்கும், ஒன்றுகூடத் தவறக் கூடாது என்றார். அந்த மருந்து மாவுக் கரைசல் மாதிரி கெட்டியாக இருக்கும். வாட்டசாட்டமான ஆளையே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க வைத்துவிடும். அதற்கு முன்னால் மணிக்கட்டில் ஒரு சின்ன ஊசி வேறு, மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க.

பிள்ளையை எப்படிக் கூட்டிப்போவது? மாயகிருஷ்ணனுக்கு இது ஒரு வேலையா!

"பசுவந்தனைக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போறோம்ட்டி. புதுச் சட்டையைப் போட்டுக்கோ."

முதல் தடவை பெரியம்மா வீடு. அடுத்த தடவை கோயில் கொடைத் திருவிழா. அதற்கடுத்து ரயில் பார்க்க. வழி எல்லாம் கம்பவுண்டர் முன்னால்தான் போய் முடிந்தது. "ஒண்ணுமில்ல, ஒரே ஊசி, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்பார் மாயகிருஷ்ணன். சொல்லிக்கொண்டே காலை அமுக்கிப் பிடிப்பார். கம்பவுண்டர் ஒரு கை, ஆயாக்கள் இரண்டு பேர் தோள். எல்லாம் முடிந்ததும், அழுகிற வாயில், அன்றைக்குக் காலையில் போட்ட கடலைமிட்டாயை ஒடித்து வைப்பார். தகப்பன் பாசம்.

ஆறு ஊசி முடிந்தபோது, வேலை முடித்து வெல்ல வாசனையோடு வீட்டுக்குள் வருகிற அப்பாவைக் கண்டால் முத்துசெல்வி கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். புதுச் சட்டையைக் காட்டினால் நடுக்கம். பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்குக் கடலைமிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளை நின்ற இடத்திலேயே ஒண்ணுக்குப் போய்விட்டது. வீக்கமே இல்லாத முழங்கால் வலிக்கிறது என்று ராத்திரியெல்லாம் அழும். ரத்தத்தைச் சோதித்து, "கோளாறு ஒண்ணும் இல்ல. ஆனா வலி நெசம், நடிப்பு இல்ல" என்றார் டாக்டர். ஒன்பதாவது ஊசிக்குத் திமிறிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, ஒரு லாரிக்காரர் போட்ட பிரேக்கில் பிழைத்தாள்.

"இனிமே நாலு பேரு அமுக்கிப் போடுத ஊசி இங்கன கிடையாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஊசியை நிறுத்தவும் முடியாது. திருநெல்வேலியில புள்ளைங்க மனசைப் பாக்குதவங்க ஒருத்தங்க இருக்காங்க. போய்ப் பாருங்க."

மனசு என்ற வார்த்தை தெருவுக்கு வந்து சேருவதற்குள் பைத்தியம் என்று ஆகிவிட்டது. அடுத்த வீட்டு வெயிலுகந்தம்மாள், "பொம்பளப் புள்ளைய அங்கெல்லாமா கூட்டிட்டுப் போவாங்க? நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று ஏழு வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளைக் கவலைப்பட்டாள். மாயகிருஷ்ணன், "கண்ணாடி போடக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவைத்தார். ஆறு மாசத்துக்குத் தெருவே, "கண்ணாடி எங்கய்யா?" என்று கேட்டது.

திருநெல்வேலியில் இருந்தவர் ஜரினா. வெள்ளைக் கோட்டு இல்லை. தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். ஊசிமுனை இல்லாத சிரிஞ்சு ஒன்றும் துணிப்பொம்மை ஒன்றும் முத்துசெல்வியிடம் கொடுத்துவிட்டு, பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை பொம்மையைத் தூக்கி மடியில் வைத்தது. தலையைத் தடவியது. "ஒண்ணுமில்லட்டி. பெரியம்மா வீட்டுக்குப் போறோம்" என்றது. சொல்லிக்கொண்டே பொம்மையின் காலை முழங்கையால் அமுக்கி, சிரிஞ்சால் ஒரு குத்துக் குத்தியது. பிறகு ஒரு காகிதத் துண்டைக் கிழித்துப் பொம்மையின் வாயில் திணித்தது.

மாயகிருஷ்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, சுவர்தான்.

"அண்ணாச்சி," என்றார் ஜரினா, "ஊசி ஒரு நிமிஷம் வலிக்கும். எப்ப, எங்கன இருந்து வரும்னு தெரியாம இருக்கா பாருங்க, அது இருபத்தொரு நாளும் வலிக்குது. இனிமே இவகிட்ட பொய் சொல்லாதீங்க. ஊசின்னா ஊசின்னு சொல்லுங்க. வலிக்கும்னு சொல்லுங்க. எந்தப் பக்கம் போடணும், எத்தனை எண்ணணும், அதை அவ சொல்லட்டும். யாரும் அமுக்க வேண்டாம். வாயில மிட்டாயும் வேண்டாம்."

மாயகிருஷ்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கேட்டார்:

"மேடம், மாத்திரை மாதிரி வேற ஏதும் கிடையாதா?"

அடுத்த ஊசிநாள் வந்தது. காலையில் மாயகிருஷ்ணன் கட்டிலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஆயுளில் முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி சொன்னார்: "முத்து, இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். ஊசி போடணும்."

முத்துசெல்வி முகம் மலர்ந்துபோயிற்று. கட்டிலுக்கு அடியிலிருந்து தானே வந்தாள். தானே தலை சீவிக்கொண்டாள். அப்பா வாயில் பெரியம்மா வீடு என்று வந்தால் அது ஆஸ்பத்திரி. அப்போ ஆஸ்பத்திரி என்றால் பெரியம்மா வீடுதானே! வழிநெடுகப் பாட்டு வேறு. ஆஸ்பத்திரி வாசலைக் கண்டதும் எழும்பிய சத்தத்தில் எதிர்க் கடையில் டீ ஆற்றியவர் கிளாஸைப் போட்டுவிட்டார். அன்றைக்கு ஊசி போட முடியவில்லை. மறுநாளும், அதற்கு மறுநாளும் கெஞ்சிக் கூத்தாடி, மூன்றாவது நாள் எப்படியோ போட்டு வந்தார்கள்.

மாயகிருஷ்ணன் திருநெல்வேலிக்கு ஓடினார். "உண்மையைச் சொன்னேன் மேடம், நம்பல!"

ஜரினா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "நம்ப எப்படி முடியும்? அடுத்த ஊசிக்கு இன்னும் இருபத்தொரு நாள் இருக்கு. தினம் ஒண்ணு சொல்லுங்க, சொன்னது நடக்கணும். சின்ன விஷயமா இருந்தாப் போதும்."

அன்றிலிருந்து ஆரம்பித்தது மாயகிருஷ்ணனின் விரதம். "நாளைக்கு ஆறு மணிக்கு வருவேன்." வந்தார். "நாளைக்குக் கத்திரிக்காய்க் குழம்பு." மனைவி ராதாமணி மோர்க்குழம்புக்குத் தேங்காயை அரைத்துவிட்டாள், இவர் சந்தைக்கு ஓடிப்போய்க் கத்திரிக்காய் வாங்கி வந்தார். ஐந்தாம் நாள் ஆறு மணி என்று சொல்லிவிட்டு ஆறரைக்கு வந்தார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது: "பொய்."

"பொய்தான்ட்டி. சைக்கிள் பஞ்சர்."

பிறகு முத்துசெல்வி வெளியே வந்து, அப்பாவைத் தாண்டிப் போய், டயரை அமுக்கிப் பார்த்தாள். ஒட்டுப் போட்ட இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். அன்றைக்கு அவள் திரும்பக் கட்டிலுக்கு அடியில் போகவில்லை, கட்டில் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

உண்மை பேசிப் பழகிய வாய் ஷெட்டிலும் சும்மா இருக்கவில்லை. வாங்க வந்தவர் ஒருவர், "மாஸ்டர், இன்னைக்குப் போட்டதா?" என்று கேட்க, "போன வெள்ளிக்கிழமை போட்டது" என்று சொல்லிவிட்டார். வன்னியபெருமாள் முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "என்னய்யா, உடம்புக்குச் சொகமில்லையா? வைத்தியம் ஒம்ம புள்ளைக்குத்தானவே, என் கடைக்கு எதுக்கு?" அதிலிருந்து மாஸ்டர் வாசல் பக்கம் வரக் கூடாது என்று உத்தரவு.

இருபதாம் நாள் சாயங்காலம். "முத்து, நாளைக்குக் காலையில ஊசி."

இந்தத் தடவை நம்பிவிட்டாள். நம்பினதால் அழுதாள். சோறு இறங்கவில்லை. ராதாமணிக்குப் பொறுக்கவில்லை. "நல்லா இருக்கு உங்க வைத்தியம்! பெரியம்மா வீடுன்னு சொல்லியிருந்தா புள்ள நிம்மதியாத் தூங்கியிருக்கும்லா? வாய் தெறந்தாப் பொய்யி, இப்ப மட்டும் அரிச்சந்திரன்!"

மாயகிருஷ்ணனுக்கும் நாக்கு நுனி வரைக்கும் ஒரு பொய் வந்தது. நல்ல பொய், பிள்ளை உடனே சிரித்திருக்கும். விழுங்கிவிட்டார்.

காலையில் முத்துசெல்வி கேட்டாள்: "எத்தனை ஊசி?"

"ரெண்டு. கையில சின்னது, இடுப்புல பெருசு."

"ஒண்ணுன்னுல்லா எப்பவும் சொல்லுவே?"

"அது பொய்."

"எறும்பு கடிச்ச மாதிரியா இருக்கும்?"

"தெரியலட்டி. எனக்கு அதைப் போட்டதில்ல. நல்லா வலிக்கும்னு மட்டும் தெரியும்."

ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாய்ப் பிள்ளைகளை அமுக்கிப் பிடித்த கம்பவுண்டர், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். மணிக்கட்டில் சின்ன ஊசி முடிந்தது. "இடது பக்கம்" என்றாள் முத்துசெல்வி. "பத்து எண்ணுவேன். எண்ணி முடிச்சப்புறம்தான் போடணும்." ஏழுக்குப் பிறகு எட்டு வர வெகுநேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. பத்து என்றதும் அப்பாவின் சட்டைக்கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். அதே வெல்ல வாசனை அடிக்கிற சட்டை. அழுதாள், நன்றாகவே அழுதாள். ஆனால் ஓடவில்லை. யாரும் அவளை அமுக்கிப் பிடிக்கவுமில்லை.

வெளியே வந்து நொண்டிக்கொண்டே சைக்கிள் வரைக்கும் நடந்தாள்.

"எறும்பு இல்லப்பா. தேளு."

"சரி, தேளு."

"இன்னும் எத்தனை நாளைக்குப் போடணும்?"

மாயகிருஷ்ணன் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். இந்தக் கேள்வி வராது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"உனக்குப் பதினெட்டு வயசு ஆகுத வரைக்கும். பதினோரு வருஷம்."

முத்துசெல்வி விரலை மடக்கிப் பார்த்தாள். விரல் போதவில்லை. முகம் மறுபடி அழுகைக்குத் திரும்பியது. "எப்பா, இதுக்கு மட்டும் ஒரு பொய் சொல்லேன்."

சாமியையே உண்டாக்கிய வாய். திறந்தது, மூடியது. பொய் ஒன்றுகூட வரவில்லை. கடைசியில் பழைய பொய்யைத்தான் எடுத்தார்.

"இடைசெவல்ல நம்ம கல்லுசாமி இருக்குல்லா? வருஷா வருஷம் பொங்கல் வைக்கோமே?"

"ஆமா."

"அதுல சாமி கிடையாது. நான் மரத்தடியில தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா ஆட்டைக் காணும்."

முத்துசெல்விக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "தாத்தா கும்பிட்டதெல்லாம்?"

"சும்மா கல்லு."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் ஊசி போட்ட இடம் வலிக்கிறது என்று திட்டிக்கொண்டே சிரித்தாள். பின் சீட்டில் உட்கார முடியாது என்று தானே முன் கம்பியில் ஏறி, ஒருக்களித்து, வலது பக்கமாக அப்பா மேல் சாய்ந்துகொண்டாள்.

"யாரிட்டயும் சொல்லிராதேட்டி" என்றார் மாயகிருஷ்ணன், பெடலை மிதித்துக்கொண்டே.

"யாராவது கேட்டா?"

மாயகிருஷ்ணன் ஆளில்லாத ரோட்டில் சைக்கிள் மணியை அடித்தார். அந்த வருஷம் கல்லுசாமிக்குப் பொங்கல் வைக்கக் குடும்பத்தோடு இடைசெவல் போனபோது, எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்க, தகப்பனும் மகளும் மட்டும் கண்ணைத் திறந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.