மணி நாக்கில் சுற்றிய துணி

நான் சமையல் வேலை பார்க்கும் ஜெர்மனியில், ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடித்தால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள். அந்த அமைதி நேரத்துக்கு ரூஎட்சைட் என்று பெயர். எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் எங்கள் கதவைத் தட்டியது மட்டும் வேறு காரணத்துக்கு. கையில் கேக். "உங்களைப் போல் சத்தமே இல்லாத குடும்பம் இங்கே வந்ததில்லை" என்று நன்றி சொன்னார். "டாங்கெ" என்று வாங்கிக்கொண்டேன். தட்டில் கரண்டி பட்டாலே என் மனைவி கலாவுக்குக் காதில் ஊசி ஏற்றியதுபோல் வலிக்கும், அதனால்தான் எங்கள் வீடு இப்படிச் செத்துக் கிடக்கிறது என்பதை எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் எப்படிச் சொல்ல?

எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. சோதித்தால் காது நன்றாகவே கேட்கிறது என்கிறார்கள். பெரம்பலூரிலிருந்து மாமியார் போனில், "காத்து கருப்பா இருக்கும், செட்டிகுளம் முருகனுக்கு வேண்டிக்குங்க மாப்ளே" என்றார். வேண்டிக்கொண்டேன். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் ஒட்டினேன். எவர்சில்வர் பாத்திரங்களை மூட்டை கட்டினேன். கடைசியில் பூஜை மணியின் நாக்கிலும் துணியைச் சுற்றினேன். தினமும் முருகனுக்கு ஊமை மணி ஆட்டுவது எவ்வளவு சங்கடம்! இத்தனை செய்தும் அவளுக்கு வலி கூடிக்கொண்டேதான் போனது. காதில் பஞ்சு இல்லாமல் சமையலறைப் பக்கமே வரமாட்டாள்.

பிறகு பார்த்த காது மருத்துவர், எங்கள் ஏற்பாட்டையெல்லாம் கேட்டுவிட்டு, தப்பே அதுதான் என்றார். வீடு அமைதியாக ஆக ஆக, மூளை ரேடியோவைத் திருகுவதுபோல் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுமாம். தூறல் மாதிரி மெல்லிய ஓசை தரும் கருவி ஒன்றைக் காதில் மாட்டினார். பயத்தைப் பேசித் தணிக்க இன்னொருவரிடம் அனுப்பினார். அன்றாடச் சத்தங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும், காதை அடைப்பது பெருஞ்சத்தத்துக்கு மட்டும் என்றார். சத்தத்துக்குச் சத்தமே மருந்தாம்! ரப்பருக்கு நான் கடை கடையாக அலைந்ததை யாரிடம் சொல்லி அழ? மணித் துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்க்கத் தொடங்கினோம்.

பாதி அவிழ்ப்பதற்குள் கலாவின் தம்பிக்குப் பெரம்பலூரில் கல்யாணம் வந்துவிட்டது. அவள் ஒரே அக்கா. மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும் மீதி முடிச்சை நாத்தனார்தான் போடவேண்டும், அதுவும் கெட்டிமேளம் முழங்கும்போது. அந்தச் சத்தத்துக்குக் காதடைப்பான் மட்டும் போதாது; முடிச்சுக்கு இரண்டு கையும் வேண்டுமே, காதை எதைக் கொண்டு பொத்துவது? வேறு யாராவது போடட்டும் என்றேன். "என் தம்பிக்கு நான் போடாம எவ போடுவா? வாயக் கழுவுங்க" என்றாள்.

மண்டபத்தில் ஜெனரேட்டர், மைக், வாசலில் வெடி. காதடைப்பானைப் பார்த்த அவளுடைய சித்தி, "ஏண்டி, வெளிநாட்டுத் தண்ணி குடிச்சா மேளங்கூட ஒத்துக்காதா?" என்றார். நான் தவில்காரரிடம் போய், "அண்ணே, தாலி கட்டுறப்ப கொஞ்சம் மெல்ல வாசிங்க" என்றேன்.

"மெல்ல வாசிச்சா அதுக்குப் பேரு கெட்டிமேளமா மாப்ளே? எவனாச்சும் தும்முனா காதுல விழுந்துடும். போயி அட்சதையப் புடிங்க" என்றார்.

மேளம் எழுந்தது. பெண்ணின் பின்னால் குனிந்திருந்த கலாவின் கைகள் முடிச்சை விட்டுக் காதுக்குப் போயின. முடிச்சு விழவில்லை. முருகா என்று மேடையில் பாய்ந்து, பின்னால் நின்று, அவள் இரண்டு காதையும் என் உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினேன். மண்டபமே சிரித்தது. அவள் முடிச்சுகளைப் போட்டு முடித்தாள்.

ஊரைக் கூட்டி மனைவியின் காதைத் திருகுகிறவன்போல் நான் நிற்கும் அந்தக் கல்யாணப் படம் இப்போது எங்கள் கூடத்தில் தொங்குகிறது. எதிர்வீட்டு அம்மாள் அதைப் பார்த்து, "இது உங்கள் நாட்டு வழக்கமா?" என்று ஆசையாகக் கேட்டார். விளக்க முடியாமல் "யா" என்றேன். ஊரில் சித்தி, அது ஜெர்மன்காரன் வழக்கம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம்.

நேற்று விளக்கேற்றினேன். மணியில் இன்னும் ஒரு சுற்றுத் துணி இருக்கிறது. வீட்டுக்குள் மட்டும் கேட்கும்படி மெல்ல ஆட்டினேன். கலா கண்ணை மூடிக்கொண்டே, "ஏங்க, இன்னுங் கொஞ்சம் அவுருங்க" என்றாள். எதிர்வீட்டுக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு, துணியின் நுனியைப் பிடித்தேன்.