நான் பேசியதும் மறுத்ததும்

தொண்ணூறுகளின் கடைசியில், காஞ்சிபுரத்தில் வழக்கறிஞர்கள் கூட்டிய கூட்டமொன்றில் பேச்சுரிமை பற்றிப் பேசினேன். அரசியல் சட்டம் கற்பித்து ஓய்வு பெற்றிருந்த சமயம். சில நீதிபதிகள் அரசாங்கத்தின் முகம் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறார்கள் என்றேன். நல்ல கைதட்டல்.

அன்று மாலை, கூட்டத்துக்கு வந்திருந்த நிருபர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பகலில் பட்டுக்கடையில் வேலை, மற்ற நேரத்தில் நாளிதழுக்குச் செய்தி அனுப்புபவர்.

"சார், இத்த அப்படியே போடலாமா? வில்லங்கம் ஆயிடப் போவுது."

"தாராளமா போடுப்பா. சட்டம் நம்ம பக்கம்."

சில வாரங்களில் நீதிமன்ற அமீனா அவமதிப்பு நோட்டீஸைக் கொண்டுவந்து கொடுத்தார். பத்திரிகைக்கும் ஒன்று போயிருந்தது. சட்டம் தெரியாதவனாக இருந்திருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன். எனக்கோ, சிறைக்குப் போனவர்களின் வழக்குகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவற்றை நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன்.

என் வக்கீல் பழைய மாணவர். "மன்னிப்பு மட்டும் பத்தாது சார். நீங்க அப்படிச் சொல்லலை, நிருபர் திரிச்சுட்டார்னு பிரமாணப் பத்திரம் போட்டுடலாம்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மறுநாளே நிருபர் வாசலில் நின்றார். நான் உள்ளறைக்குள் போய், இல்லையென்று சொல்லும்படி மனைவிக்குக் கை காட்டினேன்.

"அவர் வெளியில போயிருக்கார்."

"செருப்பு இங்க இருக்குதேம்மா. வெறுங்காலோட போயிட்டாரா?"

நிருபர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார் என்மேல பழி போடப் போறாருன்னு பேசிக்கினு இருக்காங்க. போட்டா பேப்பர்லேர்ந்து என்னை எடுத்துடுவாங்கம்மா. பொடவை மடிக்கிறது வவுத்துக்கு. இது ஒண்ணுதான் நான் ஆசைப்பட்டு செய்யுறது. அவர் சொன்னதத்தானே எழுதினேன்?"

கதவுக்குப் பின்னால், மூச்சு கேட்டுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவர் போன பிறகும் வெகுநேரம் கையை எடுக்கவில்லை. அடுத்த நாள் வக்கீல் சொன்ன பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

நீதிமன்றம் என் மன்னிப்பை ஏற்றுக்கொண்டது. பத்திரிகை வருத்தம் தெரிவித்துவிட்டு அவரை நீக்கியது. பத்திரிகை ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பொய்ப் பிரமாணம் என்று இன்னொரு வழக்கு வரும். அதுவும் எனக்குத் தெரிந்த சட்டம்தான். மகளின் கல்யாணத்துக்கு அவர் வேலை செய்யும் பட்டுக்கடையில் புடவை எடுக்கலாம் என்றாள் மனைவி. கூட்டமாக இருக்கும் என்று சொல்லி வேறு கடைக்கு அழைத்துப் போனேன்.

அவர் எழுதியவை என் சொற்கள். ஒன்றைக்கூட அவர் மாற்றவில்லை. இதை அவரிடம் நேரில் சொல்ல வேண்டும். இன்னும் போகவில்லை.