இடுப்புக்குக் கீழே மட்டும்

கிளெமென்ட் முத்திரைக் கட்டையை மைத் தட்டில் இரண்டு முறை ஒற்றுவார். வாய்க்கு அருகே கொண்டுபோய் லேசாக ஊதுவார். பிறகுதான் காகிதத்தில் வைத்து அழுத்துவார். பிசிறில்லாமல் கன்னடத்தில் இரண்டு வரி விழும்: 'மும்முறை எச்சரித்தும் கூட்டம் கலையாததால், குறைந்தபட்ச பலம், இடுப்புக்குக் கீழே மட்டும் பிரயோகிக்கப்பட்டது.' தடியடி என்ற சொல்லே அதில் இல்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

பெங்களூரின் ஒரு காவல் நிலையத்தில் அவர் ஏட்டு. எழுத்து வேலை பார்ப்பதால் எல்லோருக்கும் 'ரைட்டர்'. ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். இருபத்தொன்பது வருட சர்வீஸில் பதினெட்டு வருடம் ஒரே மேஜையில் கழிந்துவிட்டது. லத்தி பிடித்த கை என்று சொல்ல முடியாது. வலது நடுவிரலில் பேனா அழுத்திய காய்ப்பு மட்டும் இருக்கிறது. மாற்றலாகி வருகிற எந்த இன்ஸ்பெக்டரும் முதலில் விசாரிப்பது ஜீப்பை அல்ல, கிளெமென்ட்டைத்தான்.

முத்திரை அவருடைய சொந்த ஏற்பாடு. சிவாஜிநகரில் கைக்காசு போட்டுச் செய்துகொண்டது. "சட்டம் மாறலையே, வாக்கியம் எதுக்குப்பா மாறணும்? சும்னே கைவலி" என்று கன்னடம் கலந்து சொல்வார். பந்தோபஸ்துக்கு ஆட்கள் வேனில் ஏறும்போதே இங்கே அறிக்கை தயாராகிவிடும். தேதியும் இடமும் மட்டும் காலியாக இருக்கும். ஆட்கள் திரும்பி வந்ததும் அவற்றை நிரப்பிக் கையெழுத்து வாங்கினால் தீர்ந்தது.

இதனால் அவரைப் பொய்யர் என்று நினைத்துவிட வேண்டாம். புதிதாகச் சேரும் கான்ஸ்டபிள்களை மேஜைக்கு முன்னால் நிறுத்தி விதியை ஒப்பிக்க வைப்பவரும் இவர்தான். "வார்னிங் குடுக்கணும். எழுந்து போக டைம் குடுக்கணும். ஓடறவன அடிக்கக் கூடாது. தலை, கழுத்து, நெஞ்சு பக்கமே லத்தி போகக் கூடாது. இன்னா, ஆயித்தா, புரிஞ்சுதா?" என்று முடிப்பார். தாம் சொல்லிக் கொடுத்தபடிதான் வெளியே நடக்கும், ஆகவே முத்திரையில் இருப்பதும் உண்மையாகத்தான் இருக்கும் என்று மனிதர் மனதார நம்பியிருந்தார்.

போன மாதம் ஸ்டேஷன் எல்லையிலுள்ள ஈஜிபுராவில் ஆறு நாளாகத் தண்ணீர் வரவில்லை. பெண்கள் குடங்களோடு நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். கிளெமென்ட் வழக்கம்போல் ஒற்றி, ஊதி, அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். அன்று மூன்று வீடுகளில் பாத்திரம் கழுவுகிற பாஞ்சாலிக்கு லத்தி அடியில் வலது மணிக்கட்டு முறிந்தது.

நடந்ததைச் செல்போனில் யாரும் படம் எடுக்கவில்லை. பாஞ்சாலி புகார் கொடுத்ததால் மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. எத்தனை முறை எச்சரிக்கை, எந்த மொழியில், கலைய எவ்வளவு நேரம், அடி எங்கே விழுந்தது, அப்போது அடிபட்டவர் கை எங்கே இருந்தது என்று கட்டம் கட்டமாகக் கேள்விகள். பதிலைப் பார்த்துத்தான் புகாரை மேலே கொண்டுபோவதா, மூடிவிடுவதா என்று முடிவாகும். நிரப்ப வேண்டியவர் கிளெமென்ட்.

அடித்தவன் கான்ஸ்டபிள் முனிராஜ். ஆனேக்கல் பையன், மூன்று வருட சர்வீஸ், வீட்டில் கைக்குழந்தை. கிளெமென்ட்டிடம் விதியைத் தப்பில்லாமல் ஒப்பித்தவன். "குடத்த எடுக்கக் குனிஞ்சாங்க சார். கை முட்டிகிட்ட இருந்துச்சு. அப்ப அதுவும் இடுப்புக்குக் கீழதானே?" என்றான். இன்ஸ்பெக்டரும் "அப்படியே எழுதிடு" என்றார். கட்டத்துக்குள் கச்சிதமாக அடங்குகிற பதில். பதினெட்டு வருடப் பழக்கம் சும்மா விடுமா, கிளெமென்ட்டுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

மறுநாள் பதினொரு மணிக்குப் பாஞ்சாலி வாக்குமூலம் கொடுக்க வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மாவுக்கட்டு அழுக்காகிக் கிடந்தது. வாசலருகே முனிராஜ் நின்றிருந்தான்.

"எந்த ஊரும்மா?"

"போளூர் பக்கம் சார்."

"மைக்ல எத்தினி வாட்டி சொன்னாங்க?"

"ஒரு வாட்டி ஏதோ கன்னடத்துல சொன்னாங்க. என்னான்னு பக்கத்துல கேக்கறதுக்குள்ள வந்துட்டாங்க. ரெண்டு வூட்ல வேற ஆள் வெச்சுக்கினாங்க சார். இன்னொரு வூடும் இந்த மாசம் வரைக்குந்தான் பாக்கும்."

"அடிபட்டப்ப கை எங்க இருந்துச்சு?"

பாஞ்சாலி யோசித்தார். "சரியா நெனப்பு இல்ல சார். குடத்த எடுக்கப் போனேன். அப்புறம் தெரியல."

வாசலில் முனிராஜ் மூச்சு விட்டது கேட்டது. கிளெமென்ட்டுக்கும் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. காகிதத்தில் கோடு போட்டுக்கொள்ளலாம் என்று மேஜை மேலிருந்த ரூல்தடியைக் கையில் தூக்கினார்.

பாஞ்சாலியின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்விட்டன. மாவுக்கட்டுக் கை முன்னால், நெற்றியை மறைத்தபடி. கண் இறுக மூடியிருந்தது.

கிளெமென்ட் ரூல்தடியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். "ஒண்ணும் இல்லம்மா. கோடு போடத்தான் எடுத்தேன்" என்றார். பாஞ்சாலி கண் திறக்காததால் மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது. அந்த லத்தி எங்கே விழ வந்தது என்று அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்தபின் தெரியாத மாதிரி எழுத அவரால் முடியவில்லை.

கோடு போடாமலே எழுதத் தொடங்கினார். முனிராஜ் கிட்டே வந்து, "சார், என் கதி?" என்று மெல்லக் கேட்டான். தலை நிமிரவில்லை கிளெமென்ட். "உன்ன எனக்குப் பிடிக்கும்பா. அதுக்காக அந்தம்மா கை எங்க இருந்துச்சுன்னு நான் மாத்தி எழுத முடியுமா? நீயும் பாத்துக்கினுதானே இருந்தே" என்றார். முனிராஜ் வாசலுக்கே திரும்பினான்.

எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினார். எச்சரிக்கை ஒரு முறை, கன்னடத்தில் மட்டும். கலைய நேரம் தரப்படவில்லை. தலைக்கு வந்த அடியைத் தடுக்கக் கை உயர்ந்திருந்தது. நான் ரூல்தடியைத் தூக்கியபோது அவர் கை தலைக்குப் போனதில் கண்டது இது. கடைசி வரி அவரைப் பற்றியது: முந்தைய அறிக்கை, வேன் கிளம்புமுன் என்னால் முத்திரையிடப்பட்டது.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் சார்" என்றார் பாஞ்சாலி, கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே. "இப்பத்தான் முடியாது."

கிளெமென்ட் மைத் தட்டின் மேல் கிடந்த முத்திரைக் கட்டையை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டார். தட்டைத் திறந்து, பாஞ்சாலியின் இடது கைப் பக்கமாக நகர்த்தி வைத்தார்.